திரும்பி வராத எண்ணெய்

1938ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆம் திகதி திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, பொலிஸ் நிலையத்தில், சார்ஜன்ற் ஆழ்வாப்பிள்ளை முன்னிலையில், சாட்சிக்காரர் தாமாக வந்து சொல்ல எழுதிக்கொள்ளப்பட்டது. இதே வழக்கில் இவர் ஆகஸ்ட் 22ஆம் திகதி ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்.

பெயர்: கந்தப்பு மார்க்கண்டு. வயது: முப்பத்தாறு. இருப்பிடம்: மருதனார்மடம். தொழில்: மோட்டார் திருத்துதல். சமயம்: சைவம்.

நான் மேலே சொன்ன இடத்தில் மனைவி பராசக்தியுடன் வசிக்கிறேன். மருதனார்மடச் சந்தைக்குக் கிட்ட உள்ள மோட்டார் திருத்தும் வேலைத்தளம் என்னுடையது. பதினொரு வருடமாக நடத்துகிறேன். ஆங்கிலம் ஏழாம் வகுப்பு வரை படித்தேன். கார்க் கம்பனிக்காரர் அச்சடித்து அனுப்பும் புத்தகங்களை நானே வாசிப்பேன். இந்தப் பக்கத்தில் புத்தகம் வாசிக்கிற மெக்கானிக் நான் ஒருவன்தான் என்று எனக்குப் பெரிய நினைப்பு இருந்தது. அதை இந்த வாக்குமூலத்தில் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் நடந்த பிழை அங்கேதான் தொடங்கியது.

இன்று என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நான் சொல்வது எனக்கே எதிராகப் பாவிக்கப்படலாம் என்று சார்ஜன்ற் எச்சரித்தார். விளங்கியது என்றேன். இருக்கச் சொன்னார். மூன்று கிழமையாக என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, நின்றபடி சொல்கிறேன் என்றேன். நான் நடந்து நடந்து சொன்னால் தம்மால் எழுத முடியாது என்று அவர் சொன்னதன் பிறகு இருந்தேன்.

ஆடி அமாவாசையன்று தெல்லிப்பழையைச் சேர்ந்த மலாயாப் பென்சன்காரர் அருளம்பலம் தமது பத்துக் குதிரைவலுக் காரைக் கீரிமலையில் நிறுத்திவிட்டுத் தீர்த்தமாடப் போனார். திரும்பி வந்தபோது கார் இல்லை. ஒன்பதாம் நாள் அது காங்கேசன்துறைக்கு மேற்கே ஒரு பனை வடலிக்குள், எஞ்சின் இல்லாத வெறுங்கூடாகக் கிடந்து எடுக்கப்பட்டது. அமாவாசையன்று கீரிமலைக்கு வாடகைக்கு ஆள் ஏற்றி வந்த கார்களில் கொழும்புத்துறையைச் சேர்ந்த நீக்கிலாப்பிள்ளை மகன் தேவராசாவின் காரும் ஒன்று. அது அதே கம்பனியின் எட்டுக் குதிரைவலுக் கார். பொலிசார் அதைத் திறந்து பார்த்தபோது எஞ்சினில் இலக்கம் இருக்கவேண்டிய இடம் உளியால் சுரண்டப்பட்டிருந்தது. எஞ்சினில் பிடித்த துருக்கறளைச் சுரண்டும்போது அழிந்துபோனது என்று தேவராசா சொன்னார். அதை ஒருவரும் நம்பவில்லை. கார் இந்த நிலையத்துக்கு இழுத்து வரப்பட்டது.

அந்த இரண்டு ரகக் காருக்கும் எஞ்சின் வெளியே பார்க்க ஒன்றுதான். ஒரே வார்ப்பு. உள்ளே சிலிண்டரின் துளை எட்டுக்கு ஒடுக்கம், பத்துக்கு அகலம், அவ்வளவே வித்தியாசம். புத்தகத்தில் எட்டுக்கு 920 சி.சி. என்றும் பத்துக்கு 1140 சி.சி. என்றும் போட்டிருக்கிறது. சி.சி. என்பது கன சென்ரிமீற்றர். மருந்துக்காரரும் அதே அளவைத்தான் பாவிக்கிறார்கள். தேவராசாவின் காருக்குள் இருப்பது எத்தனை சி.சி. என்று தெரிந்தால், அது அவருடைய எஞ்சினா, பென்சன்காரரின் எஞ்சினா என்பதும் தெரிந்துவிடும். சிலிண்டரின் மூடியைக் கழற்றினால் துளையை அடிமட்டம் வைத்தே அளக்கலாம். ஆனால் வழக்குப் பொருளில் ஒரு பகுதியையும் கழற்றிப் பிரிக்கக்கூடாது என்று உத்தரவு இருந்தது. பிரிக்காமல் அளக்க வழி உண்டா என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். உண்டு என்றேன். அந்த வழி எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததல்ல, நானே யோசித்துப் பிடித்தது.

அதன் பிறகு ஆகஸ்ட் 22ஆம் திகதி காலை, இந்த நிலையத்தின் பின்முற்றத்தில், வேப்பமரத்தின் கீழ் நின்ற அந்தக் காரில் வேலை தொடங்கினேன். இன்ஸ்பெக்டரும் இரண்டு கொன்ஸ்தாபிள்மாரும் பென்சன்காரர் அருளம்பலமும் நின்றார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட எதிரிக்கு முன்னால் அளக்கவேண்டும் என்பதால் தேவராசாவையும் கையில் விலங்குடன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் முதலாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினேன். அந்த ஓட்டைக்குள் ஒரு தென்னோலை ஈர்க்கை விட்டு, முன்பக்கக் கைபிடியால் எஞ்சினை மெல்லச் சுற்றி, ஈர்க்கு ஆக ஆழத்துக்கு இறங்கும் இடத்தில் பிஸ்டனை நிறுத்தினேன். வால்வு இரண்டும் மூடியிருக்கும்படி அவற்றின் கீழே உள்ள திருகுகளைத் தளர்த்தினேன். அதன் பிறகு, மருந்துச்சாலை அப்போதிக்கரியாரிடம் இரவல் வாங்கிய மருந்து அளக்கும் கண்ணாடியால் எஞ்சின் எண்ணெயை அளந்து அளந்து, ஓட்டையின் விளிம்புக்கு வரும்மட்டும் ஊற்றினேன். 285 சி.சி. கொண்டது. இப்படியே நாலு சிலிண்டரும் அளந்தேன். எல்லாம் சேர்ந்து 1138. இரண்டு சி.சி. கண்ணாடியில் ஒட்டிப் போயிருக்கும் என்றேன். இது பத்துக் குதிரைவலு எஞ்சின், சந்தேகமேயில்லை என்று சொன்னேன். பென்சன்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எண்ணெய்க் கையை அவ்வளவு பெரிய மனிதர் பிடித்தது எனக்குச் சந்தோசமாக இருந்தது. அன்றே வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்து வைத்தேன். தேவராசா விளக்கமறியலுக்கு அனுப்பப்பட்டார்.

அளக்கும்போது நடந்த இன்னொரு சங்கதி உண்டு. அதை இந்த இடத்தில்தான் சொல்லவேண்டும், ஒழுங்காகச் சொல்லும் என்று சார்ஜன்ற் சொன்னார். முடிவில் சொல்வதாகக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் முதல் சந்தையில் இதே கதைதான். மருந்துக் கண்ணாடியால் கள்ளனைப் பிடித்த மார்க்கண்டு என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் பெருமைதான். அந்தக் கிழமையே காங்கேசன்துறைப் பாதையில் பஸ் ஓட்டும் நடராசா என்பவர் தமது பஸ்ஸை என் வேலைத்தளத்துக்குள் விட்டு, தன் எஞ்சினையும் அளந்து காட்டும்படி விளையாட்டாகக் கேட்டார். நானும் எடுப்பாக நாலு பேரைக் கூட்டி வைத்து அளந்தேன். புத்தகத்தில் போட்டதைவிடக் கால்பங்கு அதிகமாக வந்தது. நான் திரும்பவும் அளந்தேன். திரும்பவும் அப்படியே வந்தது.

நடராசா, "என்ரை எஞ்சின் தின்று கொழுத்திட்டுது போலை" என்று சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்குப் போகாமல் புத்தகத்தோடு இருந்தேன்.

அதன் பிறகு வேலைத்தளத்துக்கு வந்த ஒரு வாகனத்தையும் நான் சும்மா விடவில்லை. சில்லுக் காற்றுப் போய் வந்த காரையும் பிளக்கைக் கழற்றி அளந்தேன். ஒரு மோட்டார்ச் சைக்கிளை அளந்தேன். புகையிலை ஏற்றும் ஒரு லொறியை, சாரதி தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில் அளந்தேன், அவர் வந்து ஏசினார். எல்லாம் புத்தகத்தைவிட அதிகமாகவே வந்தன. கண்ணாடிதான் பிழை என்று நினைத்தேன். அப்போதிக்கரியாரிடம் இன்னொரு கண்ணாடி வாங்கி ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இரண்டும் சரி. எண்ணெய் வெயிலில் பொங்குகிறதோ என்று நினைத்து நிழலில் வைத்து அளந்தேன். அதுவும் இல்லை. கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இனி இந்த வேலை வேண்டாம் என்று இருந்தேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் போய் வாங்கி வந்தேன். அப்போதிக்கரியார் எனக்கு வருத்தம் ஏதும் உண்டா என்று விசாரித்தார்.

இந்த நாட்களில் நான் பொலிசுக்கு வந்து ஏன் சொல்லவில்லை என்று சார்ஜன்ற் கேட்டார். எனக்குப் பிழை எங்கே என்று தெரியாது. பிழை இருக்கிறது என்று மட்டும் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லிச் சந்தையில் தலைகுனிய விருப்பமில்லை. அதுதான் காரணம், வேறு இல்லை.

நேற்று, செப்டெம்பர் 11ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, விடிந்து சற்று நேரத்தில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தோம். நான் கிணற்றுத் துலாவில் ஏறி நடந்து மிதித்தேன். என் தம்பி சீவரத்தினம் கீழே நின்று ஓலைப் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றினார். பராசக்தி பாத்தி பாத்தியாகத் தண்ணீரை மாற்றினாள். இது கிணறு வற்றும் காலம். பட்டை அரைவாசிதான் நிரம்பி வந்தது. எனக்கு மனம் இதில் இல்லை, கெதியாக முடித்துக்கொண்டு வேலைத்தளத்துக்குப் போகவேண்டும் என்ற அந்தரம். நாற்பது பட்டை இறைத்ததும் போதும் என்றேன். பத்துப் பாத்தி காய்ந்து கிடக்கிறது என்றாள். அதற்கு நான், "கிணத்துக்குள்ளை இன்னும் தண்ணி கிடக்குதுதானே, பின்னேரம் பாப்பம்" என்றேன். அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று இப்படிச் சொன்னாள்: "கிணத்துக்குள்ளை கிடக்கிறதை வெங்காயம் குடிக்குமே? பட்டையிலை ஏறி வந்ததைக் கதையுங்கோ."

அந்த நேரம் நான் துலாவின் நடுவில் நின்றேன். அப்படியே நின்றுவிட்டேன். பட்டை கிணற்றுக்குள் பாதியில் தொங்கியது. தம்பி கீழே இருந்து ஏசினார். நான் இறங்கி, கால் கழுவாமல், சேட்டுப் போடாமல், வேலைத்தளத்துக்கு ஓடினேன். பராசக்தி கூப்பிட்டது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கே கம்பனிப் புத்தகத்தை எடுத்தேன். எட்டுக் குதிரைவலு எஞ்சினுக்குச் சிலிண்டர்த் துளையின் அகலம் 57 மில்லிமீற்றர் என்றும், பிஸ்டன் ஏறும் தூரம் 90 மில்லிமீற்றர் என்றும், அதன் கீழே 920 சி.சி. என்றும் போட்டிருந்தது. பதினொரு வருடமாக இந்த மூன்று எண்களும் என் கண்ணுக்கு முன்னால் கிடக்கின்றன. முதல் இரண்டையும் பெருக்கினால் மூன்றாவது வருமா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஏழாம் வகுப்பில் படித்த வட்டக் கணக்கை ஞாபகப்படுத்தி, சுவரில் கரியால் எழுதிப் பெருக்கினேன். ஒரு சிலிண்டருக்கு 230க்குக் கொஞ்சம் குறைவு, நாலுக்கும் 919.

விளங்கியது இதுதான். எஞ்சினுக்குச் சி.சி. என்று சொல்வது சிலிண்டருக்குள் எவ்வளவு கொள்ளும் என்பதையல்ல. பிஸ்டன் ஆகக் கீழே இருந்து ஆக மேலே வரும்போது எவ்வளவைத் தள்ளுகிறது என்பதைத்தான். பிஸ்டன் முழுக்க ஏறி முடிந்த பிறகும் அதற்கும் மூடிக்கும் நடுவில் ஓர் இடம் மிச்சமாக இருக்கும். பெற்றோல் ஆவியும் காற்றும் நசிந்து நெருப்புப் பிடிப்பது அந்த இடத்தில்தான். அந்த இடம் இல்லாமல் எஞ்சின் ஓடாது. ஆனால் பிஸ்டன் அதற்குள் வருவதேயில்லை, ஆகையால் அது கணக்கில் சேராது. கிணற்றின் அடியில் கிடக்கும் தண்ணீரைப் போல. நான் பட்டைத் தண்ணீரோடு கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்து அளந்திருக்கிறேன். ஊற்றிய 285இல் 55 கழித்திருக்கவேண்டும். எட்டுக் குதிரைவலு எஞ்சினின் முழுக் கொள்ளளவும், பத்துக் குதிரைவலு எஞ்சின் தள்ளுகிற அளவும் ஏறக்குறைய ஒன்றாக வந்துவிட்டன. அது என்னுடைய கெட்ட காலமோ, தேவராசாவின் கெட்ட காலமோ தெரியாது. மறியலில் இருப்பது அவர்.

அதன் பிறகு வீட்டுக்குப் போய்ச் சேட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் இந்த நிலையத்துக்கு வந்தேன். இன்ஸ்பெக்டர் கொழும்புக்குப் போயிருந்தார். சார்ஜன்ற் திங்கட்கிழமைதான் வருவார் என்று வாசலில் நின்ற கொன்ஸ்தாபிள் சொன்னார். வழக்கு வருகிற வெள்ளிக்கிழமை நீதவான் முன் எடுக்கப்படும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. சந்தைக்கும் போக முடியாது. கொழும்புத்துறைக்குப் போனேன். ஏன் போனீர் என்று கேட்கப்பட்டது. சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

தேவராசாவின் வீடு கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறது. தகப்பன் நீக்கிலாப்பிள்ளை தமது தோணியை விற்றுத்தான் மகனுக்குக் கார் வாங்கிக் கொடுத்தார். இப்போது அவர் இன்னொருவரின் தோணியில் கூலிக்குப் போகிறார். நான் போனபோது அவர் இல்லை. தேவராசாவின் மனைவி அருமைநாயகி முற்றத்தில் நின்றா. கார் இருக்கைகளின் மேல் போடும் துணிகளைத் தோய்த்து வேலியில் காயப் போட்டிருந்தா. கார் பொலிசில் நின்று நாலு கிழமையாகிறது. நான் அந்தத் துணிகளைப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, கார் வந்தவுடன் ஓடவேண்டும், அழுக்குத் துணியோடு ஆள் ஏற்ற முடியாது என்று சொன்னா. என்னை யாரென்று தெரியும். இருக்கச் சொல்லித் தண்ணீர் தந்தா. ஒரு குறையும் கதைக்கவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

தண்ணீரைக் குடித்து முடித்ததும், "அண்ணை, நீங்கள்தானே அளந்தது. வடிவாய்த்தானே அளந்தனீங்கள்?" என்று கேட்டா.

நான் "ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏழு மைல் தூரமும் என் வாயையே ஏசிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பராசக்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "விடிய வெள்ளன வெளிக்கிடுங்கோ, கண்ணாடியையும் கொண்டு போங்கோ" என்று மட்டும் சொன்னாள். இன்று ஏழு மணிக்கே இந்த நிலையத்து வாசலில் நின்றேன்.

இந்த இடத்தில் எழுதுவது நிறுத்தப்பட்டு, சார்ஜன்றும் ஒரு கொன்ஸ்தாபிளும் நானும் பின்முற்றத்துக்குப் போனோம். தேவராசாவின் கார் அதே வேப்பமரத்தின் கீழ் நின்றது. மேலெல்லாம் வேப்பஞ் சருகு. நான் முன்போலவே பிஸ்டனைக் கீழே நிறுத்தி எண்ணெய் ஊற்றினேன். 285. அதை எடுத்துவிட்டு, பிஸ்டனை ஆக மேலே கொண்டுவந்து நிறுத்தி, திரும்பவும் விளிம்பு வரை ஊற்றினேன். 55. கண்ணாடியை நான் வாசிக்கவில்லை, சார்ஜன்றையே வாசிக்கச் செய்தேன். கழித்தால் 230. மற்ற மூன்றையும் அப்படியே செய்தோம். எல்லாம் சேர்ந்து 918 வந்தது.

சார்ஜன்ற் கடதாசியில் தாமும் ஒருதரம் கூட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப உது எட்டுத்தானே?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா. உது எட்டு. உது அவரின்ரை சொந்த எஞ்சின்தான்" என்றேன்.

அதன் பிறகு உள்ளே வந்து எழுதுவது தொடர்ந்தது. எனக்கும் தேவராசாவுக்கும் முன்விரோதம் ஏதும் உண்டா என்று கேட்கப்பட்டது. இதே கேள்வி முதல் வாக்குமூலத்திலும் கேட்கப்பட்டது. அப்போது இல்லை என்றேன். அது பொய். இரண்டு வருடத்துக்கு முன் தேவராசா தமது காரில் ஒரு சத்தம் கேட்கிறது என்று என்னிடம் கொண்டுவந்தார். மூன்று தரம் திருத்தினேன், சத்தம் நிற்கவில்லை. புத்தகத்தின்படி எல்லாம் சரியாக இருக்கிறது, சத்தம் உம்முடைய காதில்தான் என்று அவருக்குச் சொன்னேன். அவர் பட்டணத்தில் வேறொரு வேலைத்தளத்துக்குக் கொண்டுபோக, அங்கே ஒரே நாளில் சத்தம் நின்றது. அதன் பிறகு ஒரு சந்தை நாளில், பத்துப் பேருக்கு முன்னால், "மார்க்கண்டண்ணைக்குப் புத்தகம் தெரியும், கார் தெரியாது" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் பகிடியாகத்தான் சொன்னார். சந்தையில் அதை ஆறு மாதம் சொல்லிச் சிரித்தார்கள். எஞ்சினில் கறள் சுரண்டியதும் அதே பட்டணத்து வேலைத்தளத்தில்தான். இலக்கம் அங்கே அழிந்தது என்று அவர் சொன்னபோது அது உண்மையாக இருக்கும் என்று என் மனதுக்குத் தெரியும். உளி பிடிக்கிறவர்கள் செய்கிற வேலை அது, நானே இரண்டு எஞ்சினில் செய்திருக்கிறேன். அதையும் நான் சொல்லவில்லை.

இனி, முடிவில் சொல்வதாகச் சொன்ன சங்கதி. ஆகஸ்ட் 22ஆம் திகதி முதலாம் சிலிண்டரை அளந்து முடித்ததும், உள்ளே இருந்த எண்ணெயை வெளியே எடுக்கவேண்டியிருந்தது. பிளக் ஓட்டையில் ஒரு றப்பர்க் குழாயைப் பொருத்தி, அதன் மறு நுனியை ஒரு தகரப் பேணிக்குள் விட்டு, கைபிடியைச் சுற்றினேன். பிஸ்டன் ஏற ஏற எண்ணெய் குழாயால் பேணிக்குள் வந்தது. அதே எண்ணெயைத்தான் அடுத்த சிலிண்டருக்கும் ஊற்றவேண்டும் என்பதால் பேணியில் வந்ததைக் கண்ணாடியில் ஊற்றினேன். 228 இருந்தது. மிச்சத்தைச் சீலைத் துண்டு விட்டு ஒற்றி எடுத்தேன். தேவராசா விலங்குக் கையோடு என் பக்கத்தில், இரண்டு முழத் தூரத்தில் நின்றார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவர் மட்டும் பேணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெதுவாக, மற்றவர்களுக்குக் கேளாத மாதிரி, "அண்ணை, விட்டதெல்லாம் திரும்பி வரேல்லை. மிச்சம் எங்கை நிக்குது?" என்று கேட்டார். அவர் வழக்காடவில்லை. அறியத்தான் கேட்டார்.

"வளையத்தாலை கீழை ஒழுகியிருக்கும். உமக்கேன் உந்தக் கதை" என்று சொன்னேன்.

ஒழுகவில்லை. ஊற்றி முடித்த பிறகு எண்ணெய் விளிம்பில் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றதை நானே பார்த்திருந்தேன். ஒழுகினால் மட்டம் இறங்கியிருக்கும். மற்ற மூன்று சிலிண்டரிலும் அதே அளவு எண்ணெய்தான் திரும்பி வந்தது. நாலு தரமும் கண்டேன். அது எங்கே நிற்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று அவருக்கு முன்னால் சொல்ல என்னால் முடியவில்லை. புத்தகம் தெரியும், கார் தெரியாது என்று சொன்ன வாய்க்கு முன்னால் முடியவில்லை. அவர் கேட்ட கேள்வியை நான் அன்று நின்று யோசித்திருந்தால் அந்த வேப்பமரத்தின் கீழேயே அவர் விலங்கைக் கழற்றியிருப்பார்கள். அவர் மறியலில் இருப்பது இன்றோடு இருபத்திரண்டு நாள்.

சார்ஜன்ற் பேனையை வைத்துவிட்டு, அளவு பிழைத்தது என்று சொன்னால் எதிரி விடுபட அது போதும், கடைசியாகச் சொன்னதை எழுதினால் முன்விரோதத்தில் பொய்ச்சாட்சி சொன்னதாக என்மேல் வழக்கு வரலாம், வேலைத்தளமும் போகலாம், எழுதாமல் விடவா என்று கேட்டார். எழுதும்படி கேட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை இது நீதிமன்றத்தில் வாசிக்கப்படும்போது தேவராசா அங்கே நிற்பார், அவருக்குக் கேட்கும்படி வாசிக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். அருமைநாயகிக்கு நான் சொன்ன "ஓம்" என்பதையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

இது எனக்கு முதலிலிருந்து முடிவு வரை வாசித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில் மட்டும் திருத்தம் கேட்டேன். சார்ஜன்ற் மேல்மட்டையில் சுருக்கமாக "சாட்சிக்காரர் எண்ணெயைப் பிழையாக அளந்துவிட்டதாகச் சொல்கிறார்" என்று எழுதியிருந்தார். நான் எண்ணெயைப் பிழையாக அளக்கவில்லை. போனதும் சரி, வந்ததும் சரி, இரண்டையும் என் கண்ணால் கண்டேன். அதை வெட்டிவிட்டு, "எதிரி சரியான கேள்வி கேட்டார், சாட்சிக்காரர் பதில் சொல்லவில்லை" என்று எழுதச் சொன்னேன். அப்படியே எழுதப்பட்டது. வெட்டிய இடத்தில் என் சிறு கையெழுத்து இருக்கிறது. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்) க. மார்க்கண்டு

மேற்படியார் என் முன் கையெழுத்து வைத்தார். கையில் எண்ணெய் இருந்தபடியால் கடதாசியின் ஓரத்தில் கறை பட்டிருக்கிறது.

(ஒப்பம்) ஆழ்வாப்பிள்ளை, சார்ஜன்ற்